பழைய பெட்ரோல் வேனில் நீண்ட பயணம்: இன்ஜின் தரும் எச்சரிக்கைகளைப் புரிந்துகொள்வது எப்படி?

தைப்பிங் – பெருநாள் விடுமுறை வந்தால் வீட்டின் பின்னால் நிற்கும் பழைய வேனுக்கு மீண்டும் வேலை வந்துவிடும். தாத்தா பாட்டி, பிள்ளைகள், பாய், தலையணை, அடுப்பு எல்லாம் ஏறிவிடும். சிலர் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு கட்டில் போட்டு, அதையே கேம்பர்வேனாக மாற்றியிருக்கிறார்கள். 20, 30 வயதான பெட்ரோல் வண்டி, ஊருக்குள் ஓடும்போது நன்றாகத்தான் தெரியும். ஏற்றத்தில் 300 கிலோமீட்டர் போகும்போதுதான் அதன் உண்மையான நிலை வெளியே வரும்.

வண்டி வழியில் நிற்பதற்கு முன்பே என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்கலாம்? கிளம்புவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? இந்த விளக்கக் கட்டுரை அதைச் சொல்கிறது.

ஏன் இது வண்டி உரிமையாளரின் பொறுப்பு?

மலேசியாவில் வணிக வாகனங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சொந்த உபயோகத்திற்கான வண்டிக்கு அப்படி ஆண்டுதோறும் பரிசோதனை கிடையாது. காப்புறுதி எடுத்து, சாலை வரியைப் புதுப்பித்தால் போதும். அதனால் 25 ஆண்டுப் பழைய வேனின் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, பிரேக் எண்ணெய் கெட்டுப்போயிருக்கிறதா என்று யாரும் வந்து கேட்கமாட்டார்கள். நாமே பார்த்தால்தான் உண்டு.

வேனின் உள்ளமைப்பை மாற்றுவது வேறு விஷயம். இருக்கைகளை எடுப்பது, கட்டில், சமையல் மேடை பொருத்துவது போன்றவற்றுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால், விபத்து நேரும்போது காப்புறுதிக் கோரிக்கையிலும் சிக்கல் வரலாம்.

தைப்பிங்கிலிருந்து கிளம்புவோருக்கு என்ன சவால்?

தெற்கே போகிறவர்கள் சங்காட் ஜெரிங்கில் நெடுஞ்சாலை ஏறினால், கொஞ்ச நேரத்திலேயே புக்கிட் பெராப்பிட் மலைப்பகுதி வந்துவிடும். கோலகங்சாரைத் தாண்டியதும், ஈப்போவுக்கு முன்னால் மெனோரா சுரங்கப்பாதைக்கான நீண்ட ஏற்றம். சுரங்கப்பாதையின் நீளம் சுமார் 800 மீட்டர். அதைக் கடந்ததும் ஜெலாப்பாங் வரை செங்குத்தான இறக்கம். முன்பு அந்த இறக்கத்தின் அடியில் இருந்த டோல் சாவடியில், பிரேக் பிடிக்காத கனரக வாகனங்கள் மோதிய விபத்துகள் நடந்தன. பிறகு அந்தச் சாவடியே அகற்றப்பட்டது.

அதாவது, தைப்பிங் வண்டிக்கு முதல் 80 கிலோமீட்டருக்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும் இரண்டு பெரிய சோதனைகள் வைத்துவிடுகின்றன. கேமரன் மலைக்கோ, கெரிக் வழியாக ஜெலி போகும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலைக்கோ போகிறவர்களுக்குச் சோதனை இன்னும் கடுமை. 1982-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கிறது. வழியில் எண்ணெய் நிலையங்கள் மிகக் குறைவு. கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்களும் உண்டு. இரவில் யானை நடமாட்டம் வேறு. அங்கே வண்டி நின்றால், அது வெறும் தாமதம் மட்டும் இல்லை.

இன்ஜின் இருக்கைக்குக் கீழே இருந்தால் என்ன வித்தியாசம்?

நம் ஊரில் இன்னும் ஓடும் நிசான் வனெட், டொயோட்டா லைட்ஏஸ் போன்ற பழைய வேன்களில் இன்ஜின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கும். காற்று எளிதில் புகாத இடம். வண்டியை நிறுத்திய பிறகும் சூடு அங்கேயே தங்கிவிடும். அதோடு, திறந்து பார்க்க இருக்கையைத் தூக்க வேண்டும் என்பதால் பலர் பார்ப்பதே இல்லை. ‘ஓடுதுல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். கறுப்பெண்ணெய் கசிவதும், குழாய் இற்றுப்போவதும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகின்றன.

கவனிக்க வேண்டிய நான்கு அளவீடுகள்

1. வெப்பநிலை: பெரும்பாலான இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் 80 முதல் 90 பாகை செல்சியசுக்குள் திறக்கும். வழக்கமாக உங்கள் வண்டியின் முள் எங்கே நிற்கும் என்று முதலில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கொஞ்சம் ஏறி, சமதளத்தில் இறங்கினால் அது இயல்பு. ஏறின முள் இறங்கவே இல்லை என்றால்தான் பிரச்சினை.

இதில் பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்து உண்டு. வெப்பத்தை அளக்கும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். குழாய் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போய்விட்டால், முள் திடீரென்று கீழே இறங்கலாம். ‘சூடு குறைஞ்சிடுச்சு’ என்று நினைத்து ஓட்டினால் இன்ஜின் தலைப்பகுதி வளைந்துவிடும். முள் காரணமில்லாமல் விழுந்தால் உடனே ஓரங்கட்டுங்கள்.

2. எண்ணெய் அழுத்தம்: சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டியில், அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும். அது எரிந்தால் அடுத்த எண்ணெய் நிலையம் வரை ஓட்டலாம் என்று கணக்குப் போடக்கூடாது. அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும். அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர்கள் எண்களைக் காட்டும் அழுத்தமானியைப் பொருத்திக்கொள்வது நல்லது. சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1,000 சுழற்சிக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது மெக்கானிக்குகள் பின்பற்றும் பொதுவான கணக்கு.

3. மின்னழுத்தம்: நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதே 13-க்குக் கீழே போனால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்துக் கெட்டுவிடும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வோல்ட்மீட்டரே இதற்குப் போதும்.

4. பெட்ரோல் செலவு: ஒவ்வொரு முறை எண்ணெய் நிரப்பும்போதும் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதே பாதையில், அதே பாரத்தோடு வழக்கத்தைவிட நன்றாகவே கூடுதலாகக் குடித்தால் காரணம் இருக்கும். அடைபட்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், இழுத்துப் பிடிக்கும் பிரேக், காற்று குறைந்த டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு என்ன செய்ய வேண்டும்?

முதல்நாள் இரவில் பழுது பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்புவதைத் தவிர்க்கவும். புதிதாக மாட்டிய குழாயும் பெல்ட்டும் சில நாள் ஓடிய பிறகுதான் கசிவு, தளர்ச்சி எல்லாம் தெரியவரும். இரண்டு வாரம் முன்பே செய்தால் அவற்றைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

• ரேடியேட்டர்: குழாய் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டினால் உள்ளே துரு பிடிக்கும். கூலண்ட் துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்தும். ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள்; விலை அதிகமில்லை.

• ரப்பர் குழாய்கள்: இன்ஜின் ஆறியிருக்கும்போது அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலும், கல்லாக இறுகியிருந்தாலும் மாற்ற வேண்டும். பெட்ரோல் குழாயில் சின்ன வெடிப்பு இருந்தால்கூட அந்த வண்டியை எடுக்காதீர்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். அதுவும் உங்கள் இருக்கைக்கு நேர் கீழே.

• கறுப்பெண்ணெய்: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுக்கோலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டி பயணத்துக்கு அல்ல, வர்க்ஷாப்புக்குப் போக வேண்டும்.

• ஸ்பார்க் பிளக்: கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் குறைவு. அல்லது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

• மின்கம்பிகள்: ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் தைப்பிங். மழை எப்போது வரும் என்று பந்தயம் கட்டிய கதைகள் இங்கே பிரபலம். ஈரமான காலையில் இன்ஜின் திக்கித் திணறினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வெடிப்பு இருக்கலாம், பிளக் வயர் பழசாகியிருக்கலாம்.

• பிரேக் எண்ணெய்: இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி எண்ணெய் கொதித்தால், மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பு.

• டயர்: பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும், அதிகம் ஓடாத வண்டியின் டயர் வயதாகி வெடிக்கும்.

பாரத்தையும் கணக்கிடுங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதோடு கட்டில், பேட்டரி, ஆறு பேர் என்று சேர்த்தால், சிறிய இன்ஜின் ஏற்றத்தில் திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

ஏற்றத்தில் முள் ஏறினால்?

முதலில் ஏர்கோனை அணையுங்கள். ஒரு கியர் குறைத்து மெதுவாக ஏறுங்கள். உயர் கியரில் மிதித்து இழுப்பதைவிட, கீழ் கியரில் இன்ஜின் கொஞ்சம் வேகமாகச் சுழன்றால் விசிறியும் தண்ணீர் பம்பும் நன்றாக வேலை செய்யும். அப்படியும் இறங்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

ஆவி வந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடலாம்.

ஓய்வு நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டர் வண்டிகளில், தங்கிய சூட்டில் பெட்ரோல் ஆவியாகி இப்படி ஆவதுண்டு. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பல நேரம் சரியாகிவிடும். கேமரன் மலை உயரத்தில் காற்று மெலிது. அங்கே கார்புரேட்டர் வண்டியின் இழுவை குறைவதும், புகை கொஞ்சம் கறுப்பதும் எதிர்பார்க்க வேண்டியதே. கீழே இறங்கினால் பழைய நிலைக்கு வரும்.

இறக்கத்தில், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும்.

வண்டியிலேயே தூங்குவோர் கவனத்திற்கு

உயிரைப் பறிக்கக்கூடிய ஆபத்து இதுதான். ஏர்கோனுக்காக இன்ஜினை ஓடவிட்டபடி கண்ணாடியை மூடித் தூங்காதீர்கள். துருப்பிடித்த புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரலாம். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. இருக்கைக்குக் கீழே இன்ஜின் உள்ள வேன்களில், மூடியின் ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தால் புகை நேராக உள்ளே வரும்.

வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் களைப்பு என்று நினைக்காமல், உடனே வெளியே இறங்கிக் காற்றோட்டமான இடத்துக்குப் போய் உதவி கேளுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டில் அருகில் வைப்பது அவசியம். வண்டிக்குள் சமைக்கும்போதும் கதவு, சன்னலைத் திறந்து வையுங்கள். ஓடும் வண்டியில் கேஸ் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

விசிறி பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் குழாயும் கிளாம்புகளும், ஃபியூஸ், 5 லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் கறுப்பெண்ணெய், டார்ச் லைட், முக்கோண எச்சரிக்கைப் பலகை. பிளாட்டினம் உள்ள பழைய வண்டியென்றால் பிளாட்டினமும் கண்டென்சரும் ஒரு செட். தீயணைப்பான் ஓட்டுநர் கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சாமான்களுக்கு அடியில் இருந்தால் பயனில்லை.

பிளஸ் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1800-88-0000 என்ற பிளஸ்லைன் எண்ணை அழைக்கலாம். உதவி வரும் வரை பயணிகள் வண்டிக்குள் உட்காராமல், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பது பாதுகாப்பு. தீ, காயம், மயக்கம் என்றால் 999.

பயணத்துக்கு முந்தைய வாரம், வழக்கமான பாரத்தோடு ஈப்போ வரை ஒருமுறை போய் வந்து பாருங்கள். மெனோரா ஏற்றத்தில் முள் எங்கே நின்றது, திரும்பி வந்தபின் கறுப்பெண்ணெயும் தண்ணீரும் எவ்வளவு குறைந்தன என்று எழுதி வையுங்கள். கோலாலம்பூர் வரை இந்த வண்டியை நம்பிப் போகலாமா, அல்லது பேருந்து டிக்கெட் வாங்கிக்கொள்வதா என்ற முடிவை அந்தக் குறிப்பை வைத்தே எடுக்கலாம்.