கிளைச்சிறைகளும் கைதிகள் கணக்கெடுப்பும்

இந்தியாவில் சிறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே கைதிகளை எண்ணுவது மாநிலச் சிறைத்துறைகளின் வேலை. அந்தக் கணக்கைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தொகுத்து, 1995ஆம் ஆண்டு முதல் ஆண்டறிக்கையாக வெளியிடுகிறது.

எண்ணும் வழக்கம் அதைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் வங்காளச் சிறைகளின் தலைமை அதிகாரியாக இருந்த மருத்துவர் ஃபிரெடெரிக் மௌவட், கைதிகளின் சாவு, நோய், உழைப்பு பற்றிய கணக்குகளை லண்டன் புள்ளியியல் சங்க இதழில் எழுதினார். தண்டனை பெறாமலே எத்தனை பேர் அடைபட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி நாட்டை உலுக்கியது வெகுகாலம் கழித்துத்தான். 1979இல் ஹுசைனாரா காதூன் வழக்கில், குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்த பீகார் மக்களின் நிலை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது.

ஆண்டறிக்கையின் முதன்மை எண் டிசம்பர் 31 அன்று சிறையில் இருப்பவர்களின் தொகை. 2019இல் அது 4,78,600. இவர்களில் 3,30,487 பேர் விசாரணைக் கைதிகள். அதே ஆண்டில் சிறைகளில் சேர்க்கப்பட்டோர் தொகையோ 18,86,092! இவ்விரு எண்களையும் சேர்த்துப் படிக்காதவருக்குக் கிளைச்சிறை புரியாது. அந்த ஆண்டு நாட்டின் 1,350 சிறைகளில் 617 கிளைச்சிறைகள், அதாவது ரிமாண்ட் கைதிகளைக் குறுகிய காலம் வைக்கும் சிறிய உள்ளூர்ச் சிறைகள். காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளம் போன்ற ஓர் ஊரில் ஜூன் மாதம் பிடிபட்டு, பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்து, ஜூலையில் ஜாமீனில் வீடு திரும்பும் கூலித் தொழிலாளி டிசம்பர் கணக்கில் இல்லை. வேலை போனதும், வட்டிக்குக் கடன் வாங்கியதும் அவர் குடும்பத்துக்கு மட்டுமே தெரியும். அமெரிக்காவில் 1982 முதல் நடக்கும் உள்ளூர்ச் சிறை ஆய்வும் ஜூன் இறுதியில் ஒருநாள் கணக்கே எடுக்கிறது. ஆனால் நாள் சராசரியையும் கேட்பதால் இந்தக் குறை அங்கே சற்றுத் தணிகிறது.

2013இல் உச்ச நீதிமன்றம் தானே எடுத்துக்கொண்ட சிறை நெரிசல் வழக்கின் பெயரே '1382 சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை'. அதன் விளைவாக விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுக்கள் வலுப்பெற்றன.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்தால் பிணை பெற வழிசெய்கிறது. அவர்மீது வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். அதற்கு அவர் முதலில் புரட்ட வேண்டியது, கைதி உள்ளே வந்த தேதி எழுதிய பதிவேட்டை.