கடற்கோட்டை காட்டும் வரலாறு

சென்ற ஆண்டு பாடசாலை விடுமுறையின்போது, தெல்தோட்டையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் இருபதின்மரை அழைத்துக்கொண்டு நானும் சக ஆசிரியர் ஒருவரும் யாழ்ப்பாணம் சென்றிருந்தோம். மாணவருட் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள். கடலை அதுவரை கண்டிராதவர்கள். கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து இரவுப் பேருந்தில் வடக்கு நோக்கிச் சென்று, மறுநாள் முற்பகல் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றோம். அங்கிருந்து காரைநகருக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையை அப்பகுதி மக்கள் 'பாதை' என்றே வழங்குகின்றனர். நீரின்மேல் நகரும் ஒன்றுக்கு இப்பெயர் அமைந்தமை மாணவரை வியப்பில் ஆழ்த்தியது.

பாதை கரையை விட்டு நகர்ந்த சிறிது நேரத்தில், கடலேரியின் வாயிலில் நீர் சூழ நிற்கும் எண்கோண மதிலொன்று கண்ணிற் பட்டது. தமிழில் அதனைக் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹம்மன்ஹீல். அது நெடுங்காலம் சிறையாகவும் இருந்தது என்று நான் கூறியதும், மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், இதுக்குள்ள அடைச்சுப் போட்டா ஆள் எந்தப் பக்கம் ஓடுறது?" நான் விடை கூறுமுன், அவனருகில் நின்ற மாணவி கூறினாள்: "கடல் இல்லாட்டியும் ஓட முடியாதுதானே. எங்க தாத்தாவோட தாத்தா தோட்டத்தை விட்டு ஓடினதுக்கு மறியல்ல இருந்தவராம்."

இவ்விரு கூற்றுகளுமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கடலாற் சூழப்பட்ட சிறையொன்றும், மலையாற் சூழப்பட்ட சிறையொன்றும் நமது சிறிய நாட்டின் வரலாற்றில் எவ்வாறு தோன்றின? அவற்றை இன்று நாம் எவ்வாறு நினைவுகூர்கின்றோம்?

கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர்காவற்றுறை பெயர் பெற்ற துறைமுகமாக விளங்கியது. அண்மையிலுள்ள நயினாதீவிற் காணப்படும் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று இதற்குச் சான்று. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த ஆணை அது. அந்நிய வணிகர் ஊராத்துறையிலேயே வந்து கூட வேண்டும் என்றும், அவர்களுக்கு இடர் நேரின் பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. பிற பண்டங்கள் ஏற்றிய கலமாயின் சரிபாதி. சிங்கள நாட்டு மன்னனொருவன் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தமையும், அந்நியனுக்கு உரிமை வகுத்தமையும் ஈண்டு சிந்தித்தற்குரியன. அம்மன்னன் மக்களாட்சியாளன் அல்லன். அவனுக்கும் பண்டாரமே குறி. எனினும் அக்காலத்தில் அத்துறை, வருவோரைத் தடுக்கும் வாயிலாக அன்றி, வரவேற்று வரி பெறும் வாயிலாகவே இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், தம் ஆட்சிக் காலத்தில் நீரின் நடுவே இக்கோட்டையை எழுப்பினர். யாழ்ப்பாணத்துக்குக் கடல்வழி வருவோர் இவ்வாய்க்காலைக் கடந்தே செல்லவேண்டியிருந்தமையின், இதனைப் பிடித்தவன் குடாநாட்டின் குரல்வளையைப் பிடித்தவனானான். 1658 இல் ஒல்லாந்தர் இதனை முற்றுகையிட்டனர். உள்ளே இருந்தோரைப் பணியச் செய்தது பீரங்கி மட்டுமன்று, குடிநீர் இன்மையுமாகும். நாற்புறமும் நீர் நிறைந்திருக்க, நாவை நனைக்க நீரின்றிச் சரணடைந்தனர்.

ஒல்லாந்தர் இதற்கிட்ட பெயரின் பொருளை மாணவருக்கு விளக்கியபோது முதலில் அனைவரும் சிரித்தனர். இலங்கைத் தீவின் வடிவம் அவர்களுக்கு, புகையூட்டி உலர்த்திய பன்றித் தொடையைப் போலத் தோன்றியதாம். வடக்கே ஒடுங்கும் நுனியில் இக்கோட்டை நிற்றலால், இது அத்தொடையின் குதிக்கால் ஆயிற்று. சிரிப்பு அடங்கியபின் ஒரு மாணவி, "அப்படியென்றால் நாமெல்லாம் அவர்களுக்குச் சாப்பாடா, சேர்?" என்று கேட்டாள். குடியேற்றவாதத்தின் பொருளியலை இதனினும் சுருக்கமாக எந்நூலாசிரியரும் கூறியிருத்தல் அரிது. ஒரு நாட்டைப் படத்தில் நோக்கும்போதே உண்பொருளாகக் காணும் கண், வணிகக் கம்பெனியின் கண். வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் இத்துறையிலிருந்தே கப்பலேற்றப்பட்டன. கோட்டை காத்தது ஊரையன்று, அவ்வணிகத்தின் இலாபத்தையே.

மதிலைக் கட்டியோர் யாவர்? பவளக் கல்லைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்து, அதனையே சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் இக்கரைகளுக்குரியது. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் 'ஊழியம்' என்னும் கட்டாய உழைப்பு நடைமுறையில் இருந்தது. 1707 இல் தேசவழமைச் சட்டத்தை அவர்கள் தொகுத்தபோது, அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் வழக்கமும் அதனுள் எழுதப்பட்டது. அடிமை முறை இலங்கையிற் சட்டப்படி ஒழிந்தது 1844 இல். அந்நியன் கட்டிய சிறையைக் கண்டு சீறுகின்ற நாம், நம்மவர் சாதியின் பெயராற் கட்டிய சிறையையும் உடன் வைத்து எண்ணாவிடின், நமது சீற்றம் அரைகுறையானதே. அந்நிய ஆதிக்கமும் உள்ளூர் ஆதிக்கமும் ஒன்றையொன்று தாங்கி நின்றமைக்கு அச்சட்டத் தொகுப்பே எழுத்துச் சான்று.

ஆட்சி மாறிய அதே 1658 இல், ஒல்லாந்தருக்கு எதிராகச் சதி செய்தனர் என்ற குற்றச்சாட்டிற் பலர் கொல்லப்பட்டனர். அக்காலத்தைச் சார்ந்து பூதத்தம்பியின் கதை வழங்கி வருகின்றது. அந்திராசி என்பவனின் வஞ்சகத்தாற் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு மாண்ட முதலியார் ஒருவரின் கதை அது. அதிற் கற்பனை எவ்வளவு, உண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்க, எழுதப் படிக்க அறியாத மக்களும் அதனைக் கூத்தாக ஆடிக் காத்து வந்தனர் என்பதே இங்கு முதன்மையானது. அரச ஏடுகளில் சதிகாரராகப் பதியப்பட்டோர், மக்களின் மேடையில் குற்றமற்றவராக நின்றனர்.

1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டபின், பீரங்கிக்கு இங்கு வேலை குறைந்தது. தொற்றுநோயாளரைத் தனிமைப்படுத்தும் மருத்துவமனையாகவும் பின்னர் சிறையாகவும் கோட்டை பயன்பட்டது. நோயாளியையும் கைதியையும் ஒரே இடத்துக்கு உரியோராகக் கருதிய ஆட்சியின் மனப்பாங்கு கவனிக்கத்தக்கது. 1971 ஏப்ரற் கிளர்ச்சியை அடுத்து, கைதான தென்னிலங்கை இளைஞர் சிலரும் இங்கு அடைக்கப்பட்டனர்.

இங்கு ஒன்றை மறைக்காது கூறுதல் வேண்டும். அவ்விளைஞர்களின் இயக்கம் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. மலையகத் தோட்டத் தொழிலாளரை அது ஐயத்துடனேயே நோக்கியது. 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களை, தோழர்களாகக் காணவேண்டியோரே அந்நியராகக் கண்டனர். இதனை அறிந்த மாணவன் ஒருவன், "நம்மை வேண்டாதவர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு நான் அளித்த விடை இது: கிராமத்தில் வேலையற்று வாடிய சிங்கள இளைஞனும், லயத்திற் பிறந்து நாடற்றவனான தமிழ் இளைஞனும் ஒருவரையொருவர் அறியாதிருந்ததனாலேயே இருவரும் தோற்றனர். ஒருவன் சிறை புகுந்தபோது மற்றவன் வாளாவிருந்தமைக்கும், மற்றவன் உரிமை இழந்தபோது முன்னவன் வாளாவிருந்தமைக்கும் காரணம் அவ்வறியாமையே. நாமும் அதனைத் தொடர்வோமாயின் தோல்வியையும் தொடர்வோம்.

இனி, மாணவி கூறிய மலைச் சிறைக்கு வருவோம். கண்டி மலைநாட்டுக்குச் சிறை என்னும் பெயர் புதியதன்று. 1660 இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட ஆங்கிலக் கடலோடி ரொபட் நொக்ஸ், ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அம்மலைநாட்டில் தடுத்துவைக்கப்பட்டிருந்தான். அவனுக்கு விலங்கில்லை; மதிலில்லை. மலையும் காடும் காவலருமே மதில்கள். 1679 இல் அவன் காட்டு வழியே தப்பி, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றான். 1681 இல் இலண்டனில் வெளியான அவனது நூல் உலகப் புகழ் எய்தியது.

நொக்ஸ் விடுதலை பெற்ற அதே மன்னார்க் கரையில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியேறி வந்த ஏழை மக்கள் இறங்கினர். அவன் எத்திசையிலிருந்து தப்பி வந்தானோ, அத்திசை நோக்கியே அவர்கள் காடு கடந்து நடந்தனர். கோப்பித் தோட்டங்களும், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் எங்கள் தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலையும் அவர்களை விழுங்கின. புறப்படுமுன் பெற்ற முன்பணம் கடனாயிற்று, கடன் தளையாயிற்று. 1865 ஆம் ஆண்டின் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது குற்றம். அதற்குத் தண்டனை சிறை. வேலையை விட்டவன் கூலியை மட்டும் இழக்கவில்லை. இங்கு அவன் உடலின் விடுதலையையே இழந்தான். கடன் தீர்ந்தமைக்குத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இன்றி மற்றொரு தோட்டம் அவனை ஏற்காது. துண்டு முறை 1921 இல் ஒழிந்தது. சிறைத் தண்டனை விதிகளும் அதனை அடுத்து நீங்கின. மாணவியின் முன்னோர் மறியல் சென்றது இவ்விதிகளின்படியே ஆதல் வேண்டும். நொக்ஸ் தன் கதையைத் தானே எழுதினான். துண்டின்றி ஓடிப் பிடிபட்டவனின் கதை, கொள்ளுப்பேத்தியின் வாயில் ஒரு வாக்கியமாக எஞ்சியுள்ளது.

எனினும் மலைநாட்டு மக்கள் அடங்கியே கிடந்தனர் என்று எண்ணற்க. எங்கள் பகுதியை அடுத்த ஹேவாஹெட்டையில், முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் சங்க உரிமைக்கும் கூலி உயர்வுக்கும் போராடினர். 1940 சனவரி 10 ஆந் திகதி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அப்போராட்டங்களுக்குத் துணைநின்ற சமசமாஜக் கட்சியின் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் அவ்வாண்டு சூனிற் கைதாயினர். கண்டியில் அடைக்கப்பட்டிருந்த அவர்கள், 1942 ஏப்ரல் 7 ஆந் திகதி காவலர் ஒருவரின் உதவியுடன் தப்பினர். மதிலுக்கு உள்ளே உள்ளவனும் மதிலைக் காப்பவனும் ஒரே வர்க்கத்தின் துயரை உணரும் கணத்தில், மதில் வெறுங் கல்லாகிவிடுகின்றது.

காரைநகர்க் கரையிலிருந்து கடற்படையினரின் படகில் ஏறிச் சில நிமிடங்களிற் கோட்டையை அடைந்தோம். உள்நாட்டுப் போர் முடிந்தபின் கடற்படையினர் இதனை உல்லாச விடுதியாக்கினர். சிறையாக இருந்த இடத்தில் விருந்தினர் தங்கி, மதில்மேல் நின்று அந்திச் சூரியனைக் கண்டு களிக்கின்றனர். பயணிகள் வருவதை நான் வெறுக்கவில்லை. பூட்டிக் கிடந்து இடிவதிலும் மக்கள் வந்து காண்பது நன்றே. ஆயின், சிறை விடுதியாகும்போது கைதி வெறும் சுவைக்குறிப்பாகிவிடும் ஆபத்து உண்டு.

இதற்கு மாற்று வழி உலகில் இல்லாமலில்லை. தென்னாபிரிக்காவின் ரொபன் தீவையும் ஒல்லாந்தக் கம்பெனியே முதலிற் சிறையாக்கியது. கீழைத் தேயங்களில் அதனை எதிர்த்தோரும் அங்கு அனுப்பப்பட்டனர். பின்னர் நெல்சன் மண்டேலா பதினெட்டு ஆண்டுகளை அங்கேயே கழித்தார். 1997 இல் அது அருங்காட்சியகமாயிற்று. முன்னாட் கைதிகளே வழிகாட்டிகளாகி, தாம் கிடந்த அறைகளைப் பார்வையாளருக்குக் காட்டினர். அந்தமானின் சிற்றறைச் சிறையும் 1979 இல் தேசிய நினைவகமாக அறிவிக்கப்பட்டது. ஒரே கம்பெனியின் இரு தீவுச் சிறைகளுள் ஒன்று கைதியின் நாவாற் பேசுகின்றது. மற்றொன்று விருந்தினனுக்குப் படுக்கை விரிக்கின்றது. நமது கண்டியிலும் போகம்பறைச் சிறை 2014 இல் மூடப்பட்டது. 1876 இல் எழுந்த அக்கட்டடத்தினுள் எவருடைய குரல் ஒலிக்கவேண்டும் என்பது கண்டி மக்கள் கேட்கவேண்டிய கேள்வி.

கோட்டைகளை மாற்றியமைக்கும் அதிகாரம் ஆசிரியரிடமும் மாணவரிடமும் இல்லை. ஆனால் வகுப்பறை நம் கையில் உள்ளது. ஊர் திரும்பியதும் மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: தத்தம் குடும்பத்தில் எவரேனும் தோட்டத்தை விட்டு ஓடியதோ, வேலைநிறுத்தத்திற் பங்கு கொண்டதோ, மறியல் சென்றதோ உண்டாயின், மூத்தோரிடம் கேட்டு எழுதிவருக. முதல் வாரத்தில் மூன்று தாள்களே வந்தன. அடுத்த வாரம் ஒன்பது. பலர் தாத்தாவின் பெயரையே முதன்முறையாகக் கேட்டறிந்ததாகக் கூறினர். கடற்கோட்டையைக் கண்டு கேள்வி கேட்ட மாணவனும் எழுதியிருந்தான். அவனுடைய தாள் இவ்வாறு தொடங்கியது: "எங்கள் வீட்டில் யாரும் ஓடவில்லை என்று அப்பா சொன்னார். அப்பாயி மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். நாளைக்கு அவரிடம் மறுபடியும் கேட்பேன்."

அத்தாளுக்கு நான் இன்னும் புள்ளி இடவில்லை.