பனிக்காலத்தில் நுகம் பழகிய கன்றுகள்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்கு மாடு கப்பலில் வந்தது. 1624இல் எட்வர்ட் வின்ஸ்லோ மூன்று கிடாரிகளையும் ஒரு காளையையும் பிளிமத் குடியேற்றத்துக்குக் கொண்டுவந்தார். கல்லும் வேர்க்கட்டையும் மண்டிய நிலத்தைத் திருத்த, குதிரையைவிட நிதானமான எருதே தோதாக இருந்தது.

எருது பழக்கும் வேலை பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்கள் தலையில் விழுந்தது. அதற்கு ஏற்ற பருவம் குளிர்காலம். உழவு கிடையாது, மாடுகள் கொட்டிலை விட்டு அதிகம் வெளியேறா. தினமும் காய்ந்த புல் போட்டு, தண்ணீர் காட்டி, உடம்பைத் தேய்த்துவிடும் பையனிடம் கன்று தானாக ஒட்டிக்கொள்ளும். காயடித்த இரண்டு கன்றுகளை ஜோடி சேர்த்து, அவற்றின் கழுத்துக்கு அளவான சிறு நுகத்தைப் பூட்டுவார்கள். கன்று வளர வளர நுகமும் மாறும். எது இடத்து மாடு, எது வலத்து மாடு என்பது மட்டும் பெரும்பாலும் மாறாது.

நம் ஊர்போல மூக்கணாங்கயிறு கிடையாது, கடிவாளமும் இல்லை. இடத்து மாட்டின் தோளருகே நடந்தபடி, மெல்லிய கோலால் தொட்டுக் குரல் கொடுப்பதுதான் முறை: ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம், ‘வோ’ என்றால் நில். நிற்கப் பழகாத மாட்டை நடக்கப் பழக்கிப் பயனில்லை. ‘வோ’தான் முதல் பாடம். அடுத்து சறுக்குவண்டி. பனியில் உராய்வு குறைவு என்பதால் இளங்கன்றுகளும் கொஞ்சம் விறகை இழுத்துவிடும். நான்கு வயதானால்தான் எருது என்ற பெயர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புல்லறுக்கும் இயந்திரங்களோடு வேகமான குதிரைகள் முந்தின. பின்னர் டிராக்டர் வந்தது. ஆனாலும் ஊர்ச் சந்தைகளின் இழுவைப் போட்டிகளிலும், ‘நான்கு எச்’ இளைஞர் மன்றங்களிலும் இந்தப் பயிற்சி தொடர்கிறது.