நர்ஸ் கவனித்த மாற்றம்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், மூணு தடவை ஈசிஜி எடுத்தாச்சு. எல்லாம் நார்மல்ங்கிறாங்க. ஆனா திடீர்னு நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது, இப்பவே செத்துருவேன்னு தோணுது. வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றான். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். "எனக்கென்ன பைத்தியமா சார்?" என்றான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1871-இல் ஜேக்கப் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இதைப் போன்ற படபடப்பைக் கண்டு எழுதினார். பழுது இதயத்தில் என்று நினைத்தார். 1895-இல் ஃப்ராய்ட் இதைப் பதற்ற நோய்களில் சேர்த்தார். நோயாளியின் அவதி மட்டும் தீரவில்லை.

1950-களின் இறுதியில், நியூயார்க் ஹில்சைடு மருத்துவமனையில் டொனால்டு க்ளைன் என்ற இளம் மருத்துவர் இருந்தார். அங்கே சில நோயாளிகள் தினமும் மூன்று நான்கு முறை "சாகப்போகிறேன்" என்று நர்ஸ்களிடம் ஓடி வருவார்கள். நர்ஸ் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எந்தச் சிகிச்சையும் பலிக்காததால், மனச்சோர்வுக்கெனப் புதிதாக வந்திருந்த இமிப்ரமின் மாத்திரையை க்ளைன் கொடுத்துப் பார்த்தார்.

மூன்று வாரம் கழிந்தது. நோயாளியைக் கேட்டால், குணமில்லை என்றார். சிகிச்சை அளித்தவரும் அப்படியே சொன்னார். வார்டு நர்ஸ்கள் மட்டும் குணம் தெரிகிறது என்றார்கள். ஏனென்றால், அவர் இப்போது ஓடி வருவதில்லை!

க்ளைனுக்கு அப்போதுதான் விளங்கியது. இதில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, திடீரெனத் தாக்கும் பீதி. மற்றது, அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயம். மாத்திரை முதலாவதை நிறுத்திவிட்டது. இரண்டாவது அப்படியே இருந்ததால், குணமானது நோயாளிக்கே தெரியவில்லை. 1962-இல் மேக்ஸ் ஃபிங்க்குடன் சேர்ந்து இதை வெளியிட்டார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது.

1967-இல் பிட்ஸ், மெக்ளூர் இருவரும் சோடியம் லாக்டேட்டை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பீதி வந்தது, மற்றவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. ஆக, இது கோழைத்தனம் அல்ல, உடம்பு சம்பந்தப்பட்டது. மூச்சு முட்டுகிறது என்று மூளை தவறாக அடிக்கும் அபாய மணி இது என்று 1993-இல் க்ளைன் விளக்கினார். நோர்அட்ரினலின், செரோட்டோனின் என்ற மூளை ரசாயனங்கள் வழியாக இந்த மாத்திரைகள் வேலை செய்கின்றன. இன்று செரோட்டோனின் வகை மாத்திரைகளே முதலில் தரப்படுகின்றன.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் படபடப்பு கூடவும் செய்யலாம், அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மிஞ்சும் பயத்தைப் போக்க, ஒதுங்கிய இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழக வேண்டும்.

மாணவன் நாளை மருத்துவரிடம் போகிறான். அவன் அம்மாவும் கூடப் போகிறார். அவரிடம் ஒன்று சொன்னேன்: "'ஒண்ணுமில்லடா'ன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. கையைப் பிடிச்சுக்குங்க. எத்தனை தடவை வருதுன்னு எண்ணிட்டு வாங்க. குறையுறது உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."