காந்த இரும்பு ஆக்சைடு நானோதுகள்கள்

காந்த இரும்பு ஆக்சைடு நானோதுகள்கள் என்பவை பெரும்பாலும் மேக்னடைட் அல்லது மேகமைட்டால் ஆன, சில நானோமீட்டர் முதல் 100 நானோமீட்டர் வரை குறுக்களவு கொண்ட துகள்கள். மேக்னடைட் கறுப்பு, அது காற்றில் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்தால் செம்பழுப்பான மேகமைட் ஆகும். குப்பியில் நிறம் மாறுவதைக் கண்டே மாதிரி பழசாகிவிட்டதென ஊகிக்கலாம்.

ஏறக்குறைய 20 நானோமீட்டருக்குக் கீழே இவை மீப்பாராகாந்தத் தன்மை பெறுகின்றன: காந்தம் அருகில் வந்தால் வலுவாக ஈர்க்கப்படும், விலகினால் அறை வெப்பநிலையில் காந்தத்தன்மை எஞ்சாது. எஞ்சினால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும். வேதியியலாளர் இவற்றை நாடுவதற்கு இந்த மறதியே காரணம்.

1963இல் நாசாவில் ஸ்டீவ் பேப்பல் மேக்னடைட்டை ஒலியிக் அமிலத்துடன் அரைத்துக் காந்தத் திரவம் செய்தார். எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பது அவர் எண்ணம். அரைக்கும் பாட்டைத் தவிர்த்தது இணைவீழ்படிவு முறை. 1981இல் ரெனே மசார் வெளியிட்ட ஆய்வு இதைப் பரவலாக்கியது. ஃபெரஸ் உப்பு ஒரு பங்கு, ஃபெரிக் உப்பு இரண்டு பங்கு நீரில் கரைத்து, கலக்கியபடியே அம்மோனியா போன்ற காரத்தைச் சேர்த்தால் நொடிகளில் கரிய வீழ்படிவு தோன்றும். எளிதுதான், ஆனால் ஃபெரஸ் அயனி காற்றுபட்டால் ஃபெரிக்காக மாறி விகிதத்தைக் கெடுக்கும். ஆகவே கரைசலில் முதலில் நைட்ரஜனைச் செலுத்துவார்கள். துகள்களின் அளவும் சீராக வராது. சீரான அளவு வேண்டுவோர் இரும்பு ஒலியேட் போன்ற சேர்மங்களை உயர் கொதிநிலைக் கரைப்பானில் சுமார் 300 டிகிரி செல்சியஸில் சிதைக்கிறார்கள். அத்துகள்களின் மேல் ஒலியிக் அமிலம் படிந்திருப்பதால் அவை நீரில் கலப்பதில்லை. நீரில் பயன்படுத்த மேற்பூச்சை மாற்றியாக வேண்டும்.

வினையூக்கத்தில் இவற்றின் பயன் வெளிப்படை. துகளுக்குச் சிலிக்கா உறையிட்டு, அதன்மேல் பல்லேடியத்தைப் பொருத்தி வினையை நடத்தலாம். முடிந்ததும் குடுவையின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால் கரிய துகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த கரைசலை இறுத்துவிட்டு வினையூக்கியை மறுபடி எடுத்தாளலாம். மிகநுண் துகள்கள் வடிதாளில் நழுவிவிடும் என்பதால் இது வெறும் சௌகரியம் அல்ல. வலுவான அமிலம் மட்டும் ஆகாது, இரும்பு ஆக்சைடே கரைந்துவிடும்.

துகள் வெறும் சுமைதாங்கி என்ற கருத்தை 2007இல் சீன ஆய்வாளர்கள் அசைத்தனர்: மேக்னடைட் நானோதுகளே பெராக்சிடேஸ் நொதியைப்போல் ஹைட்ரஜன் பெராக்சைடு வினைகளை ஊக்குவிப்பதைக் கண்டனர். நீரிலுள்ள ஆர்சனிக்கைப் பற்றியெடுக்கவும், டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கவும் இத்துகள்கள் உதவுகின்றன. ஃபெருமோக்சிடால் என்ற வகை 2009இல் அமெரிக்காவில் இரத்தசோகை மருந்தாக அனுமதி பெற்றது. அங்கே காந்தத்திற்கு வேலையில்லை, இரும்புதான் மருந்து.