வீட்டுத் தொட்டியில் கடற்பாசி: வளர்ப்பது எப்படி? வெட்டியதை எங்கே போடுவது?

கடல்நீர் மீன் தொட்டி என்றாலே பவளம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பச்சை, சிவப்பு நிறக் கடற்பாசிகளையும் அழகுக்காக வளர்க்கலாம். தண்ணீரும் சுத்தமாகும். எப்படின்னு பார்க்கலாம்.

தண்ணீர் எப்படி சுத்தமாகிறது?

மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து நைட்ரேட், பாஸ்பேட் சேரும். பாசிக்கு அதுதான் உரம். வளர்ந்த பாசியை வெட்டி வெளியே எடுத்தால்தான் அந்தக் கழிவும் வெளியேறும். அப்படியே விட்டால் அழுகி, உறிஞ்சியதெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

எந்த வகை வாங்கலாம்?

* கீட்டோமார்ஃபா: நைலான் நூல் சிக்கு போல இருக்கும். புதியவர்களுக்கு ரொம்ப ஈஸி.
* கிராசிலேரியா: சிவப்பு நிறம். நம் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்புக்கான அகர், இந்த இனத்தில் இருந்தும் எடுக்கப்படுகிறது.
* ஹாலிமெடா: பச்சைக் காசுகளைக் கோத்தது போல இருக்கும். உடலில் சுண்ணாம்பு சேர்ப்பதால், தண்ணீரில் கால்சியம் 400 பிபிஎம் அளவில் இருக்கணும்.
* கௌலெர்பா: வேகமாகப் பரவும். இதில்தான் கவனம் தேவை.

என்னென்ன தேவை?

ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்படி கடல் உப்பு கலவையைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு கூடாது. வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி, தினமும் 8 முதல் 10 மணி நேரம் வெள்ளை எல்இடி வெளிச்சம் போதும். நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேன் அல்லது சில்லர் தேவைப்படும். நைட்ரேட் சுத்தமாக இல்லையென்றால் பாசி வெளிறிவிடும். டேங் வகை மீன்கள் பாசியைத் தின்றுவிடும். கடல் குதிரைக்கோ அது பற்றிக்கொள்ளும் கொம்பு.

கௌலெர்பாவில் என்ன சிக்கல்?

பார்க்க இலை, தண்டு என்று தெரிந்தாலும் முழுச் செடியும் ஒரே செல்தான். சில நேரம் இனப்பெருக்க அணுக்களை மொத்தமாக வெளியேற்றி ஒரே இரவில் வெளுத்துவிடும். தண்ணீர் கலங்கி, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகலாம். அடிக்கடி வெட்டிவிட்டால் இந்த ஆபத்து குறையும்.

வெட்டியதை எங்கே போடுவது?

கடலிலோ சாக்கடையிலோ போடவே கூடாது. சின்னத் துண்டே புதுச் செடியாகிவிடும். 1984-ல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே உள்ள கடலில் சிறு திட்டாகத் தெரிந்த கௌலெர்பா டாக்சிஃபோலியா, மத்திய தரைக்கடலில் பெரும் பரப்பை மூடியது. 2000-ல் கலிபோர்னியாவிலும் தென்பட்டது. அதை முழுவதும் ஒழிக்க 2006 வரை ஆனது.

நம் மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடை தீவில் பவளங்கள் மீது படர்ந்தது.

அதனால் வெட்டிய பாசியை வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்து, குப்பையில் போடுங்க. பாசி அலசிய தண்ணீரையும் நீர்நிலையில் ஊற்றாதீங்க.