பேதுரு தங்கிய வீடும் வெல்லம் பூசிய ஊனும்

பன்றி இறைச்சி என்றதும் முகம் சுளிப்போர் நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆட்டிறைச்சி வாங்குவதைப் பத்து வீட்டாருக்குச் சொல்லுவோம். பன்றி இறைச்சியைக் கறுப்புப் பைக்குள் மறைத்து எடுத்து வருவோம். எறையூர், விரியூர், இருதயம்பட்டு எனக் கிறிஸ்தவம் வேரூன்றிய ஊர்களைக் கொண்ட கள்ளக்குறிச்சிப் பகுதிக்கும் இது பொருந்தும். இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஆராயப் புகுந்தால், வரலாறு நம்மை எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் அழைத்துச் செல்கிறது.

முதலில் மலைக்குச் செல்வோம். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கண்மா என்னும் ஊர் இருந்தது. இன்று அது செங்கம். அவ்வூரைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடியதே பத்துப்பாட்டின் இறுதி நூலான மலைபடுகடாம். பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் புலவர், மலைப்பாதையில் இறந்து கிடக்கும் காட்டுப் பன்றியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறார். மூங்கில்கள் உராய்ந்து எழுந்த தீயில், புகை நாற்றம் ஏறாதபடி அதனை வாட்டி மயிர் நீக்கி உண்ணுங்கள். சுனை நீரைப் பருகுங்கள். மிகுந்த இறைச்சியைப் பொதியாகக் கட்டிக்கொண்டு நடையைத் தொடருங்கள் என்பது அவர் அறிவுரை. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கட்டுச்சோற்றுக் குறிப்பு இது என்றே கொள்ளலாம்! இதில் இழிவு என்ற எண்ணத்தின் சாயல்கூட இல்லை. பெரும்பாணாற்றுப்படையிலோ பன்றி வீட்டு விலங்காகவே வருகிறது. கடற்கரைப் பட்டினத்தில் ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து, அதன் நிணம் மிக்க இறைச்சியை வருவோர்க்கு அளித்தார்கள்.

இனிப்பும் இங்கேயே சேர்ந்துவிட்டது. கல்வராயனுக்கு மேற்கே தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்பது ஔவையார் பாடலில் காணப்படும் செய்தி. அக்கரும்பே இன்று மலையடிவாரத்தின் உயிர்ப்பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. கரும்பு வருமுன்னரும் வந்த பின்னரும் மலையில் தேன் இருந்தது. பன்றி இறைச்சியையும் தேனையும் ஒன்றாகச் சேர்த்த புகழ்பெற்ற கை நமது இலக்கியத்தில் ஒரு வேடனுடையது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் கண்ணப்பர், தாம் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியை அம்பிற் கோத்துத் தீயில் வாட்டி, பதம் பார்க்கத் தாமே சுவைத்து, நல்லவற்றை மட்டும் இலைக் கலத்தில் வைத்து, பின்னர் தேனையும் பிழிந்து கலந்து காளத்தி இறைவனுக்குப் படைக்கிறார். ஆசாரம் தவறாத அர்ச்சகர் அதைக் கண்டு துடித்துப்போகிறார். ஆயினும் காப்பியம் யார் பக்கம் நிற்கிறது என்பது எல்லாரும் அறிந்ததே. நம் சமயம் வேறாயினும், நம் மொழியின் நெஞ்சில் தங்கிய காட்சி இது.

அப்படியிருக்க இழிவு எப்படிப் புகுந்தது? ஊனுண்பதை விலக்கிய அறங்கள் தமிழகத்தில் ஓங்கியதும், சாதி அடுக்கு இறுகியதும் பொதுக் காரணங்கள். அவற்றை விரித்துரைக்க இங்கே இடமில்லை. திருச்சபைக்கு உரிய பங்கையே சற்று நின்று பார்க்க விழைகிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் பன்றி இறைச்சியை விரும்பி உண்டவர்கள். காடியிலும் பூண்டிலும் ஊறவைத்த அவர்களது இறைச்சிப் பண்டமே கோவாவில் விந்தாலு ஆயிற்று. ஆனால் உள்நாட்டுத் தமிழர் அவர்களைப் ‘பரங்கி’ என்று அழைத்தபோது, அச்சொல்லில் ஊனும் மதுவும் கலந்த இகழ்ச்சி இருந்தது. கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்று பொருள்படலாயிற்று. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்து, இறைச்சியை முற்றிலும் விலக்கி, சோறும் காய்கறியும் பாலுமாக ஒரு வேளை மட்டும் உண்டு வாழ்ந்தார். அவரது துறவை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். எனினும் அதற்கு ஒரு விலை இருந்தது. மறையறிவிப்பாளரே மேற்குலத்தாரின் உணவொழுக்கத்தை மேற்கொண்டபோது, அவ்வொழுக்கம் இல்லாதவர்கள் திருச்சபைக்குள்ளும் ஒருபடி கீழே நிற்க நேர்ந்தது. 1704-இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் வெளியிட்ட ஆணை, நோயுற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் வீட்டுக்குள் குருக்கள் நேரில் சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. வழங்காதிருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் அதனை உறுதிப்படுத்தினார். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில் இருந்த தயக்கத்துக்கு உள்ளே கொதித்த குழம்பும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். 2008 மார்ச் மாதம் எறையூரில் தனிப் பங்கு வேண்டி எழுந்த பூசல் வன்முறையாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்த துயரை நாம் மறந்துவிட முடியாது. பழைய வாசற்படிகள் பல இன்னும் அப்படியே உள்ளன.

ஐரோப்பியத் திருச்சபையில் பன்றிக்கு நேர்ந்த கதை வேறு. நம்மூர்களில் வனத்து அந்தோணியார் சொரூபத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள், சில இடங்களில் அவர் காலடியில் ஒரு பன்றி நிற்பதைக் கண்டிருப்பார்கள். பசாசின் சோதனையின் அடையாளம் என்று சிலர் விளக்குவர். வரலாறு சொல்லும் காரணம் இன்னும் சுவையானது. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றிய அந்தோணியார் மருத்துவத் துறவியர், ‘அந்தோணியார் நெருப்பு’ எனப்பட்ட கொடிய நோய்க்கு மருத்துவம் செய்தனர். பூஞ்சை பற்றிய ‘ரை’ என்னும் தானியத்தை உண்டதால் வந்த நோய் அது. கைகால்கள் எரிந்து கருகி விழும். அத்துறவியர் பன்றிக் கொழுப்பில் களிம்பு செய்து பூசினர். ஆகவே அவர்களுடைய பன்றிகள் கழுத்தில் மணி கட்டி நகர வீதிகளில் தடையின்றித் திரிய உரிமை பெற்றிருந்தன. ஏழை நோயாளரின் மருந்து மணியடித்துக்கொண்டு தெருவில் நடந்து சென்றது! சனவரி 17-ஆம் நாள், நம் பொங்கலை ஒட்டி வரும் அப்புனிதரின் திருநாளில் விலங்குகளுக்கு ஆசி வழங்கும் வழக்கம் இதனோடு தொடர்புடையது.

அந்நாடுகளில் நவம்பர் 11-ஆம் நாள், புனித மார்ட்டின் திருநாளை ஒட்டிப் பன்றி அடித்து, உப்பிட்டு, குளிர்காலம் முழுவதும் காத்து, தவக்காலம் தொடங்குமுன் தீர்ப்பார்கள். ஆங்கிலேயர் ‘பேக்கன்’ என்று அழைக்கும் உப்பிட்ட வயிற்றுப் பகுதி இவ்வாறு உருவானதே. நம் நாட்டில் அது ஏன் தோன்றவில்லை? காரணம் எளிது. ஆட்டிறைச்சி கொழுப்புக் குறைந்தது. உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் உலர்த்தினால் உப்புக்கண்டம் ஆகும். பன்றி வயிற்றிலோ கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காய் இருக்கும். நம் வெயிலில் கொழுப்பு உருகிக் காறிப்போகும். உப்பு உள்ளே ஊறுவதற்குள் சதை கெட்டுவிடும். உப்பு மெல்ல இறங்கும்வரை காத்து நிற்கும் குளிர் அவர்களுக்கு இருந்தது, நமக்கு இல்லை. இங்கிலாந்திலேயே கோடையில் இத்தொழில் நின்றுவிடும். வில்ட்ஷயர் மாவட்டத்துக் கால்ன் நகரில் ஹாரிஸ் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பனிக்கட்டி அறைகளை அமைத்த பிறகே ஆண்டு முழுவதும் நடக்கலாயிற்று.

ஆனால் அந்த ஐரோப்பிய இறைச்சியிலும் நம் மண் கலந்திருந்தது. சதைக்குச் சிவப்பு நிறம் தந்து நச்சுக்கிருமியைத் தடுக்கும் வெடியுப்பைப் பீகாரிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. பெரும்பகுதி பீரங்கிக்கும் சிறுபகுதி இறைச்சிக்கும் போயிற்று. மிளகு மலையாளக் கரையினது. பேக்கனின் மேல் சர்க்கரையும் மிளகாயும் பூசி மொறுமொறுப்பாக்கி, ‘கேண்டி’ என்ற அடைமொழியோடு இன்று அமெரிக்கர் உண்ணுகின்றனர். அந்தக் ‘கேண்டி’ என்ற சொல்லும் அரபு, பாரசீகம் வழியாகப் பின்னோக்கிச் சென்றால் வடமொழிக் ‘கண்டம்’ என்ற சொல்லில், அதாவது சர்க்கரைக் கட்டியில், வந்து நிற்கிறது. நம் கற்கண்டு அதற்கு உறவினர். மிளகாய் ஒன்றே போர்த்துக்கீசியர் வழி அமெரிக்காவிலிருந்து வந்தது.

இன்று குளிர்பெட்டி இருக்கும் வீட்டில் இதனைச் செய்துகொள்ளலாம். காட்டுப் பன்றி வேண்டா. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை வேட்டையாடுவது குற்றம். கொட்டிலில் தீனி போட்டு வளர்த்த வெண்பன்றியின் வயிற்றுப் பகுதி ஒரு கிலோவுக்கு 25 கிராம் உப்பு, 20 கிராம் வெல்லத்தூள், சிறிது மிளகுத்தூள் எடுத்து எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் அடித்தட்டில் ஏழு நாள் வைக்க வேண்டும். நாள்தோறும் ஒருமுறை புரட்டிவிடுக. உப்பு நீரை வெளியே இழுக்கும். வெல்லம் உப்பின் கடுமையைத் தணிக்கும். எட்டாம் நாள் கழுவித் துடைத்து மெல்லிய வில்லைகளாக நறுக்குக. கள்ளக்குறிச்சி வெல்லமானால் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிக் கொள்வது நல்லது, மண் இருக்கும். கனத்த தோசைக்கல்லில் சிறு தீயில் வில்லைகளை வாட்டினால் கொழுப்பு உருகி ஓடும். அதை வடித்துவிட்டு, வெல்லப் பாகில் மிளகாய்த்தூளும் மிளகும் குழைத்து இருபுறமும் பூசிப் புரட்ட வேண்டும். பாகு பளபளத்து ஒட்டும்போது இறக்கிவிடுக. ஒரு நிமிடம் தாமதித்தால் கருகிக் கசக்கும். ஆறிய பின்னரே மொறுமொறுப்பாகும்.

நாடாப்புழுவை அஞ்சி விலகுவோர்க்கு ஒரு சொல். நன்றாக வெந்த இறைச்சியில் அதன் குஞ்சுகள் உயிர் வாழா. மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்குவது மனிதக் கழிவில் கலந்த முட்டைகள் நம் வாய்க்குள் செல்வதால் வருவது. காய்கறி மட்டும் உண்பவர்க்கும் வரும். கழிப்பறை இல்லாத ஊரின் குற்றத்தைப் பன்றியின் தலையிலும், அதை வளர்ப்பவர் தலையிலும் நெடுங்காலம் ஏற்றி வைத்திருக்கிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு கண்ட காட்சியை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம்: நான்கு முனைகளிலும் கட்டி இறக்கப்பட்ட விரிப்பு, அதில் எல்லா வகை விலங்குகள், அடித்து உண்ணுமாறு சொல்லும் குரல். அக்காட்சியைக் காணும்போது அவர் எங்கே இருந்தார் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. யோப்பா நகரில், கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டின் மாடியில் இருந்தார். செத்த விலங்கின் தோலைத் தொட்டுப் பிழைப்பவர் வீடு அது. பல நாள்கள் அங்கே தங்கியிருந்தார் என்று நூல் கூறுகிறது. அங்கிருந்தே அவர் கொர்னேலியுவின் வீட்டுக்குப் புறப்பட்டார். அவர் எருசலேமுக்குத் திரும்பியபோது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம், விருத்தசேதனம் இல்லாதவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர்களோடு அமர்ந்து உண்டார் என்பதே. அந்த வீட்டில் என்ன பரிமாறப்பட்டது என்று லூக்கா எழுதவில்லை.

வடித்த கொழுப்பைக் கொட்டிவிட வேண்டா. கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் இருக்கும். உருளைக்கிழங்கு வறுவலுக்கு மிக நன்று. வெடியுப்புச் சேராத இறைச்சியாதலால், வாட்டிய வில்லைகளை மட்டும் இரண்டொரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.